சயாம் போகணி

அருப்புக்கோட்டை பஜாரில் தங்கச்செல்வி மேட்சிங் சென்டருக்குப் போய், "ஏதாவது ஒரு பச்சை கொடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டுதான் வருவீர்கள். ஏதாவது ஒரு பச்சை என்று உலகத்தில் ஒன்று கிடையாது என்பது அந்த அம்மாளின் கட்சி. கிளிப்பச்சை உண்டு, பாசிப்பச்சை உண்டு, இலைப்பச்சை உண்டு. சேலையைக் கொண்டுவராமல் ஜாக்கெட் துணி கேட்டு வருகிறவர்களை அவள் வாசலிலிருந்தே திருப்பிவிடுவாள்.

"வீட்டுல போய்ச் சீலையை எடுத்துட்டு வாங்க. நாளைக்கு வெயில்ல நின்னா சீலை ஒரு நிறம், ஜாக்கெட் ஒரு நிறம்னு இளிக்கும். அப்புறம் என்னையத்தான் வைவீங்க."

"வர்ற யாவாரத்தை வாசல்லயே நிப்பாட்டி அனுப்புறதுல எங்க வீட்டம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது" என்பார் கல்லாவில் இருக்கும் அவள் கணவர் நவநீதகிருஷ்ணன். அவர் நூல் மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடிய பிறகு, ஜாக்கெட் துணி மூட்டையைச் சுமந்துகொண்டு வீடுவீடாக ஏறி இறங்கி இந்தக் கடையை உண்டாக்கியவள் தங்கச்செல்விதான். அது அவருக்கும் தெரியும், பஜாருக்கும் தெரியும். அதனால் அவர் கிண்டல் செய்யலாம், வேறு யாரும் செய்ய முடியாது.

இப்படி ஒரு முழம் துணியில்கூடப் பொய் பொறுக்காதவள், பெற்ற அப்பாவைப் பற்றிய ஒரு பொய்யை இருபது வருஷமாக விழுங்கிக்கொண்டு இருந்தாள். வருஷம் ஒரு தடவை, மாசி மாதத்தில், குலசாமி கோயிலில் கைகட்டி நின்று அதைக் கேட்டுவிட்டு, கொடுத்த சோற்றைத் தின்றுவிட்டுத் திரும்பி வருவாள். என்ன செய்ய, அந்தப் பொய்யைச் சொன்னவரே அவள் அப்பாதான்.

அப்பா பெயர் அருஞ்சுனை. திருச்சுழிக்குத் தெற்கே வானம் பார்த்த ஊர். மழை ஏமாற்றிய ஒரு வருஷம், மீசை அரும்பாத வயதில், ஊர்க்காரர்களோடு சேர்ந்து மலாயாவுக்குக் கப்பல் ஏறினார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவரைச் சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் பிடித்து சயாமுக்குக் கொண்டுபோனான். சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே காட்டை வெட்டி ரயில் பாதை போடுகிற வேலை. மூங்கில் கொட்டகையில் அடைப்பு, காவலுக்குத் துப்பாக்கி. வேலை செய்யாவிட்டால் அடி, செய்தாலும் அடி. ஆயிரமாயிரமாகத் தமிழாட்கள் அந்த மண்ணிலேயே போய்ச் சேர்ந்தார்கள். அருஞ்சுனை திரும்பி வந்தார். உடம்பில் எலும்பு மட்டும் இருந்தது. கொண்டுவந்தது மூன்றே பொருள்: இடுப்பில் சுற்றியிருந்த சாக்குத்துணி, தண்டவாளத்தில் அடிக்கிற கனத்த ஆணி ஒன்று, சோறு வாங்கித் தின்னக் கைப்பிடி வைத்த பட்டாளத்துத் தகரக் குவளை, எங்கள் பக்கத்தில் போகணி என்பார்கள், அது ஒன்று.

அவரைப் பார்த்ததும் அவர் தாயார் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். "என்னய்யா தின்ன? எப்படிய்யா உசுரு பிடிச்சு வந்த?" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். பெற்றவள் அழுவதைப் பார்க்கமுடியாமல் பிள்ளை ஒரு வார்த்தை சொன்னது. "அழாதம்மா. இந்தப் போகணியில எனக்குச் சோறு குறையவே இல்ல."

அவ்வளவுதான். தாயார் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள், போகணியை வாங்கினாள், நெற்றியில் வைத்துக்கொண்டாள். குலசாமி அய்யனாரே கடல் தாண்டிப் போய்ப் பிள்ளைக்குச் சோறு போட்டிருக்கிறார் என்று ஊரெல்லாம் சொன்னாள். அடுத்த மாசியில் போகணி சாமிப்பெட்டிக்குள் போய்விட்டது.

சாமிப்பெட்டி என்பது அந்தப் பக்கத்துப் பங்காளிகளின் பொதுச் சொத்து. குலசாமியின் துணிமணி, சலங்கை, முன்னோர்களுக்கு என்று எடுத்துவைத்த பொருள் எல்லாம் அதற்குள் இருக்கும். பெரிய வீட்டில் பூட்டியிருப்பார்கள். சிவராத்திரிக்குத்தான் திறப்பார்கள், அதுவும் அந்த வம்சத்து ஆண்கள்தான் தொடலாம். கட்டிக்கொடுத்த பெண் கோயிலுக்கு வரலாம், கும்பிடலாம், பொங்கச் சோறு தின்னலாம். பெட்டியில் அவளுக்குப் பங்கு கிடையாது. புருஷன் வீட்டுச் சாமிதான் இனி அவள் சாமி.

வருஷாவருஷம் அந்தப் போகணியை வெறுமையாக நடுவில் வைத்து, "அருஞ்சுனைக்குக் குறையாத சோறு எங்களுக்கும் குறையாம இருக்கணும்" என்று பூசாரி சொல்வார். ஒவ்வொருவராக வந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். ஊரில் பெட்டிக்கடை வைத்துப் பிழைத்த அருஞ்சுனை, உயிரோடு இருந்த காலம் முழுக்கப் பின்னால் தள்ளி, வெயிலில் நிற்பார். கூப்பிட்டாலும் முன்னால் வரமாட்டார். அவருக்குக் கூச்சம் என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள்.

உண்மையை அவர் சொன்னது ஆஸ்பத்திரியில், கடைசி மாதத்தில். தங்கச்செல்வி கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். கிண்ணத்தில் ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்துத் தின்றுவிட்டு, திடீரென்று ஆரம்பித்தார்.

"அந்தப் போகணியில சோறு குறையலைன்னு சொன்னேன்ல, அது பொய்யித்தா. புழு நெளியிற அரிசி, ஒரு கை. அதையும் சில நாள் போடமாட்டான். பசின்னா பசி, அப்படிப் பசி. போகணி இல்லாதவனுக்குச் சோறே கிடையாது. என்னுது களவு போயிருச்சு. அப்பக் காலரா வந்து ஆளுக கொத்துக் கொத்தா விழுறாக. செத்தவுக சாமான் எல்லாத்தையும் எரிக்கச் சொல்லிக் குமிச்சு வச்சிருந்தான். அந்தக் குமியல்ல இருந்து எடுத்தது அது. யாரு பெத்த பிள்ளையோடதோ. முகம்கூடத் தெரியாது."

பிறகு, "கஞ்சி நல்லாருக்கு" என்றார். இதை வெளியே சொல் என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. அந்த வாரமே போய்ச் சேர்ந்தார்.

சாவுக் கொட்டகைப் பாத்திரம் சாமிப்பெட்டியில் இருக்கிறது என்று தெரிந்தால் பங்காளிகள் என்ன ஆட்டம் ஆடுவார்கள் என்று தங்கச்செல்விக்குத் தெரியும். சாமியாகக் கும்பிடுகிற அப்பாவைத் தன் வாயாலேயே கீழே இறக்கவேண்டுமா? வாயை மூடிக்கொண்டாள். ஆனால் மாசி வந்தால் பொறுக்காது. பட்டினி கிடந்த மனுஷனிடம் போய்ச் சோறு கொடு, சோறு கொடு என்று ஊரே கையேந்துகிறதே, இதென்ன கொடுமை என்று கொதிக்கும். வீட்டுக்கு வந்து அன்றைக்கு முழுக்க நவநீதகிருஷ்ணன்மேல் எரிந்து விழுவாள். பாவம், அந்த மனுஷன் ஏனென்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்.

போன வருஷம் சனோபர் கடைக்கு வந்தாள். வீரசோழன் ஊர்க்காரி, மதுரையில் ஒரு கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறாள். சேலையைக் கையோடு கொண்டுவந்ததால் தங்கச்செல்விக்குப் பார்த்தவுடன் பிடித்துப்போயிற்று. சயாம் ரயிலுக்குப் போய்த் திரும்பியவர்களைப் பற்றிக் கல்லூரியில் ஒரு அறை அமைக்கப்போவதாகப் பேச்சுவாக்கில் சொன்னாள்.

"எங்க மாமனாரும் சயாம் போய் வந்தவருதான்" என்று கல்லாவிலிருந்து பெருமையாக எடுத்துவிட்டார் நவநீதகிருஷ்ணன்.

சனோபர் சேலையை மறந்துவிட்டாள். "அவுக பொருள் ஏதாச்சும் இருக்காம்மா? எங்ககிட்ட எல்லாமே படமும் பேப்பரும்தான். அவுக கைபட்டது ஒண்ணுகூட இல்ல. நாங்க போய்ப் பார்த்த வீட்டுல எல்லாம், செத்தவுக சாமான்னு தூக்கிப் போட்டாச்சுன்னுதான் சொல்றாக."

தங்கச்செல்வி மாடிக்குப் போய் ஒரு பட்டுச் சேலை அட்டைப்பெட்டியை எடுத்துவந்தாள். உள்ளே சாக்குத்துணி, அந்துருண்டை வாடையோடு இருந்தது. சனோபர் அதைத் தொடவில்லை. கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று புரிய தங்கச்செல்விக்குச் சற்று நேரம் ஆயிற்று. அப்பாவுக்காக வெளியாள் ஒருத்தி அழுவதை அவள் அதுவரை பார்த்ததில்லை.

அந்துருண்டை வேண்டாம், சலவை செய்யாத காடாத் துணியில் சுற்றுங்கள், மடித்த இடத்திலேயே மடிக்காதீர்கள் என்று சனோபர் சொல்லிக்கொடுத்தாள். தங்கச்செல்வி அப்படியே செய்தாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே வேலைதான். மூன்று பொருளையும் ஒன்றுசேர்த்து, அப்பா பட்டபாட்டை உள்ளது உள்ளபடி எழுதி, நாலு பேர் பார்க்கும்படி அந்தக் கல்லூரி அறையில் வைக்கவேண்டும். பொய் வேண்டாம்.

ஆணியைத் தேடிப்போனதில் பாதி ஜில்லாவைச் சுற்றவேண்டியதாயிற்று. பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டில் இரும்பு இருந்தால் காத்துக் கருப்பு அண்டாது என்று, அந்த ஆணியைப் பங்காளி வீடுகளில் தொட்டிலுக்குத் தொட்டில் இரவல் வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கேட்டால், "எங்க பேரன் நடந்துட்டான், அடுத்த வீட்டுக்குக் கொடுத்தாச்சு" என்ற ஒரே பதில்தான். கடைசியில் குமாரலிங்கபுரத்தில் தீபலட்சுமியின் பிள்ளை தலைமாட்டில் கிடந்தது. தீபலட்சுமி, பெரியப்பா மகன் பொன்னுச்சாமியின் மகள். தங்கச்செல்விக்கு மருமகள் முறை.

"பிள்ளைக்குத் தலை நிக்கட்டும் அத்தை, தாரேன்" என்றாள் அவள்.

"தலை நிக்கட்டும்பே, அப்புறம் பல்லு முளைக்கட்டும்பே. இந்தா, இரும்புக்கு இரும்பு" என்று பையிலிருந்து புதுப் பாக்குவெட்டி ஒன்றை எடுத்து நீட்டினாள் தங்கச்செல்வி. ஊரிலிருந்து புறப்படும்போதே யோசித்து வாங்கி வைத்திருந்தாள். தீபலட்சுமி சிரித்துக்கொண்டே ஆணியை எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது, "போகணியை எங்கப்பா விடமாட்டாரு அத்தை" என்று எச்சரிக்கையும் செய்தாள்.

பொன்னுச்சாமி காரியாபட்டியில் எண்ணெய் மில் வைத்திருப்பவர். பெட்டிச் சாவி அவரிடம்தான். மில் ஓட ஆரம்பித்த வருஷம், எல்லாம் போகணியின் புண்ணியம் என்று சொல்லி, அதற்கு வெள்ளியில் கவசம் செய்து போட்டுவிட்டார். சாமி சிலைக்குப் போடுவது போல அளவெடுத்துச் செய்த கவசம். அடி, விளிம்பு, கைப்பிடி எதுவும் வெளியே தெரியாது. இப்போது அதைப் பார்த்தால் கல்யாண வீட்டுச் சந்தனக் கிண்ணம் என்றுதான் சொல்லத் தோன்றும். சயாமும் தெரியாது, அருஞ்சுனையும் தெரியாது.

மில்லுக்கே போய்க் கேட்டாள். பொன்னுச்சாமி நல்லவர்தான், தங்கச்சிமேல் பாசம் உள்ளவர்தான். காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு முடியாது என்றார்.

"சாமியைக் கொண்டுபோய்க் கண்ணாடிக்குள்ள வைப்பாகளா தங்கம்? நீ கட்டிக்கொடுத்த பிள்ளை. ஒனக்கு இதுல பேச்சுக் கிடையாது."

"அது சாமி இல்லண்ணே. எங்கப்பா தின்ன பாத்திரம்."

"சாமி இல்லேன்னா தகரம். தகரத்துக்குப் பெட்டியில என்ன வேலை? வெளிய போடவேண்டியதுதான். அப்புறம் சித்தப்பா பேரைச் சொல்லித் தேங்காய் உடைக்கிறதும் கிடையாது, கோயில் சொவத்துல அவுக பேரும் கிடையாது. இதெல்லாம் யோசிச்சுப் பேசுறியா?"

யோசிக்காமலா இருப்பாள்? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதே யோசனைதான். சொன்னால் அப்பாவுக்குக் கிடைக்கும் அந்த ஒரு தேங்காயும் போய்விடும். சொல்லாவிட்டால் அப்பாவின் பசி அந்த வெள்ளிக்குள்ளேயே கிடந்து மக்கிப்போகும். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் முதல்முறையாக நவநீதகிருஷ்ணனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். ஆஸ்பத்திரி, கஞ்சி, குவியல், எல்லாம்.

"இதுக்குத்தான் மாசிக்கு மாசி என்னைய வறுத்து எடுத்தியா?" என்றார் அவர். பிறகு, "போய்ச் சொல்லிரு. நீ பொய் நிறம் வித்து நான் பாத்ததில்ல" என்றார்.

சிவராத்திரிக்கு மறுநாள் காலை. கோயில் வெளியில் வரிசையாகப் பொங்கல் பானைகள் பொங்கி இறங்கியிருந்தன. பெட்டியைத் திறந்து பரப்பியாகிவிட்டது. வெள்ளிக் கவசத்துக்குள் போகணி நடுவில், வெறுமையாக. சனோபரையும் தங்கச்செல்வி வரச்சொல்லியிருந்தாள். அவள் வேப்பமரத்தடியில் தீபலட்சுமியின் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பூசாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "அருஞ்சுனைக்குக் குறையாத சோறு" என்று எடுத்தார்.

"குறைஞ்சது" என்றாள் தங்கச்செல்வி.

பெண்கள் பக்கமிருந்து அவள் நடந்து முன்னால் வந்தாள். கடையில் அத்தனை பேரை விரட்டுகிறவளுக்கு அன்றைக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "தள்ளிப் போத்தா, என்ன இது" என்று யாரோ அதட்டினார்கள். பொன்னுச்சாமியின் முகம் கறுத்தது. அவள் அவரைப் பார்த்தே சொன்னாள்.

"எங்கப்பா பொய் சொன்னாரு. அவுக அம்மா அழுததைப் பாக்கமாட்டாம சொன்னாரு. அங்க அவுக பட்டினி கிடந்தாகண்ணே. புழு அரிசி, அதுவும் ஒரு கை. இந்தப் போகணி அவுகளுதே இல்ல. காலராவுல செத்தவுக சாமான எரிக்கக் குமிச்சு வச்சிருந்தாகளாம். போகணி இல்லேன்னா சோறு கிடையாதுன்னு அதுல இருந்து எடுத்திருக்காக. யாரோடதுன்னுகூடத் தெரியாது. இருவது வருசமா வாயில வச்சு மென்னுக்கிட்டுக் கிடந்தேன். இனிமே முடியல. தீட்டுன்னு சொல்லுங்க, தகரம்னு வெளிய போடுங்க, நான் எடுத்துட்டுப் போறேன். ஆனா பசிச்சுக் கிடந்த மனுசங்கிட்ட இனிமே சோறு கேக்காதீக. எனக்குத் தாங்கல."

சலசலப்பு எழுந்தது. செத்தவன் பாத்திரத்தையா இத்தனை வருஷமா கும்பிட்டோம், பரிகாரம் செய்யணும் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். பூசாரி இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டார். தங்கச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். போச்சு, அப்பாவைத் தெருவில் நிறுத்திவிட்டோம் என்று நினைத்தாள்.

பொன்னுச்சாமி மட்டும் போகணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சித்தப்பா ஏன் பின்னாடியே நிப்பாகன்னு நான் நினைக்கிறதுண்டு" என்றார். "நாம எல்லாரும் அவுககிட்டக் கேட்டுக்கிட்டே இருந்திருக்கோம். ஒரு வருசமாச்சும் ஒரு பிடி சோறு அதுல போட்டமா?"

கூட்டத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் அருஞ்சுனையின் பெட்டிக்கடையில் மிட்டாய் வாங்கித் தின்றவர்கள்.

பொன்னுச்சாமி தரையில் உட்கார்ந்தார். ஒரு குறடு கேட்டு வாங்கினார். கவசத்தின் விளிம்பை ஒவ்வொரு மடிப்பாகத் தானே பிரித்தார். வெள்ளி கழன்று விழுந்ததும், உள்ளேயிருந்த தகரம் கன்னங்கரேலென்று தெரிந்தது. அடியில் சயாம் காட்டு அடுப்புக் கரி அப்படியே ஒட்டியிருந்தது. ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. கைப்பிடிக் கம்பியில் ஏதோ துணியைச் சுற்றி வைத்திருந்தார்கள். சூடு தாங்குவதற்காக இருக்கும். அந்தத் துணியைச் சுற்றியது அப்பாவா, அவருக்கு முன்னால் வைத்திருந்த அந்த முகம் தெரியாத ஆளா, யாருக்குத் தெரியும். தங்கச்செல்விக்குக் கண் மறைத்தது.

பொன்னுச்சாமி அதைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுப் பானைக்குப் போனார். போகிற வழியில் வேப்பமரத்தடியில் நின்றார். "இதுல சோறு போடலாமாம்மா? ஒண்ணும் கெட்டுப்போகாதே?" என்று சனோபரிடம் கேட்டார். எத்தனையோ பழைய பொருளைத் தொடாதே, தொடாதே என்று காத்த பெண்தான் அவள். "உள்ள இலையை விரிச்சுப் போடுங்க மாமா" என்றாள்.

வாழையிலைக் கிழிசலை விரித்துப் பொங்கச் சோற்றை அள்ளி வைத்தார். நிறைந்த பிறகும் ஒரு அகப்பை வைத்தார். "அந்த இன்னொரு ஆளுக்கு" என்றார். தீபலட்சுமி ஓடிவந்து குழம்பு ஊற்றினாள். பிறகு ஒவ்வொரு வீட்டுப் பானையிலிருந்தும் ஒரு கை வந்தது. பரிகாரம் பேசியவர்களும் கொண்டுவந்தார்கள். சோறு விளிம்பைத் தாண்டி வழிந்து மண்ணில் விழுந்தது.

"இதை நீ கொண்டுபோ தங்கம்" என்றார் பொன்னுச்சாமி. "உள்ளதை எழுதி வையி. சொவத்துல சித்தப்பா பேரு இருக்கும், அதுக்கு நான் பொறுப்பு. ஆனா மாசிக்கு ஒரு நாள் இங்க கொண்டாந்துரு. வெறுசா வைக்கக்கூடாது."

படையல் போட்டால் படைத்தவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. பார்த்தால் முன்னோர்கள் கூச்சப்பட்டுச் சாப்பிடமாட்டார்கள் என்பது அங்கே வழக்கம். பங்காளிகள் அத்தனை பேரும், பெண் பிள்ளைகளும், பூசாரியும், போகணிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். சனோபரும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து திரும்பி நின்றாள். எப்போதும் கொஞ்ச நேரம்தான் நிற்பார்கள். அன்றைக்கு வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. தங்கச்செல்வியின் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. மனசு மட்டும் லேசாகியிருந்தது.

"போதும்ல, திரும்பலாமா?" என்று பூசாரி மெதுவாகக் கேட்டார்.

"பொறுங்க" என்றார் பொன்னுச்சாமி. "நல்லாச் சாப்பிடட்டும்."